வெடியுப்பும் பாசியும்

(சிவகாசியில் மீன்தொட்டி வளர்ப்போரும் கல்லூரி மாணவர்களும் கூடியிருந்த அரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



தீப்பெட்டியில் குச்சியை உரசும் பட்டையில் இருப்பது சிவப்புப் பாஸ்பரஸ். கருமருந்தில் கந்தகத்தோடும் கரியோடும் சேர்வது வெடியுப்பு; பாடப்புத்தகத்தில் அதற்குப் பொட்டாசியம் நைட்ரேட் என்று பெயர். கரிசல்காட்டு விவசாயியிடம் இதையே வேறு விதமாகச் சொல்லலாம். பாஸ்பரஸ் என்றால் மணிச்சத்து, நைட்ரேட் என்றால் தழைச்சத்து, பொட்டாசியம் என்றால் சாம்பல் சத்து. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அன்று முதல் இந்த ஊர் கையாண்டு வரும் சரக்கும், செடிக்கு வேண்டிய மூன்று முக்கியச் சத்தும் ஒரே தனிமங்களின் வேறு வேறு வடிவங்கள்தான். மீன்தொட்டியில் பாசியை வளர்ப்பவையும் அவையே என்பது பொது நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் எவ்வளவு சரி, எவ்வளவு தவறு என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

தொட்டி வைத்திருப்பவர்கள் வழக்கமாகக் கேட்பது ஒரே கேள்வி: "பாசிக்கு என்ன மருந்து ஊத்தணும்?" மருந்துகள் இருக்கின்றன, கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால், பாசியை உள்ளேயே வர விடாமல் செய்ய முடியுமா என்று பார்த்துவிடுவோம்.

முடியாது. இந்தியப் பாசியியலின் தந்தை என்று போற்றப்படும் எம்.ஓ.பி. ஐயங்கார் (1886–1963) சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். 1932இல் அவர் ஒரு பாசியை விவரித்து, லண்டன் பேராசிரியர் ஃபிரிட்சைச் சிறப்பிக்கும் வகையில் 'ஃபிரிட்சியெல்லா டியூபரோசா' என்று பெயரிட்டார். அது வாழும் இடம் ஈரமண்ணும், வற்றிக்கொண்டிருக்கும் மழைக்குட்டைச் சேறும். அடிப்பகுதியில் கிழங்குபோல் திரண்ட செல்கூட்டத்தை மண்ணுக்குள் வைத்துக்கொண்டு அடுத்த மழைக்குக் காத்திருக்கும். நம் கண்மாய்கள் வருடத்தில் பாதிநாள் வெடித்துக் கிடப்பவை. அந்த வெடிப்புக்குள்ளும் பாசியின் வித்துகள் உறங்குகின்றன. காற்றில் புழுதியோடு வரும், கடையில் வாங்கிய செடியின் வேரில் வரும், மீன் வந்த பாலித்தீன் பையின் தண்ணீரில் வரும். ஐயங்காரின் மாணவர் டி.வி. தேசிகாச்சாரி 1959இல் நீலப்பசும்பாசிகளைப் பற்றி மட்டுமே ஒரு பெருநூல் எழுதினார். அந்த ஒரு கூட்டத்தை எழுதவே அவ்வளவு பக்கம் வேண்டியிருந்தது என்றால், தொட்டியை வெந்நீர் ஊற்றிக் கழுவி வைப்பதால் என்ன ஆகிவிடப் போகிறது?

ஆகவே எல்லாத் தொட்டியிலும் பாசி உண்டு. சிலவற்றில் கண்ணுக்குத் தெரிகிறது, சிலவற்றில் தெரிவதில்லை. இந்த வித்தியாசம் எதனால்?

கனடாவின் ஒன்டாரியோவில், ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கி வைத்த ஏரிகள் இருக்கின்றன. அவற்றில் 226 என்ற எண்ணிட்ட ஏரியை 1973இல் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் நடுவே திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் கரிச்சத்தும் நைட்ரஜனும் போட்டார்கள். மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பக்கம் பச்சைப் பசேலென்று ஆனது. மறுபக்கம் தெளிவாகவே இருந்தது. வானிலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் குறைக்க வேண்டும் என்ற வாதத்துக்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. 'பாசி என்றால் பாஸ்பேட்' என்ற எண்ணம் மீன்தொட்டி உலகத்துக்குள் வந்ததும் இந்த வழியாகத்தான் இருக்க வேண்டும்.

1996இல் பால் சியர்ஸ், கெவின் கான்லின் என்ற இரண்டு கனடியர்கள், செடித்தொட்டியில் பாசியைக் கட்டுப்படுத்துவது பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். இருவரும் பொழுதுபோக்காகத் தொட்டி வளர்த்தவர்கள்தான், ஆனால் அளந்து பார்த்து எழுதியவர்கள். அதுவரை பலரும் சொன்னது, "உரமே போடாதே, தண்ணீரில் சத்து இருந்தால் பாசி வரும்" என்பது. இவர்கள் தலைகீழாகச் செய்தார்கள். செடிக்கு வேண்டிய நைட்ரேட், பொட்டாசியம், மக்னீசியம், இரும்பு, நுண்சத்து எல்லாவற்றையும் தாராளமாகக் கொடுத்தார்கள். பாஸ்பேட்டை மட்டும் கொடுக்கவில்லை. வயிறு நிறைந்த செடி, மீன் தீவனத்திலிருந்து வரும் கொஞ்சப் பாஸ்பேட்டையும் ஒட்ட உறிஞ்சிவிடும், பாசிக்கு மிச்சம் இருக்காது என்பது அவர்கள் கணக்கு. கணக்கு பலித்தது, பாசி போனது. கடையில் விற்கும் விலை உயர்ந்த சொட்டு உரங்களைக் கேலி செய்து, தங்கள் கலவைக்கு 'ஏழையின் சொட்டு உரம்' என்ற பொருளில் ஒரு பெயரும் வைத்தார்கள். அந்தக் கலவையின் முக்கியச் சரக்குகளில் ஒன்று என்ன தெரியுமா? பொட்டாசியம் நைட்ரேட். நம் வெடியுப்பு. (சிரிப்பு)

இத்தோடு முடிந்திருந்தால் நானும் "பாஸ்பேட்டைப் பட்டினி போடுங்கள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பேன். ஆனால் முடியவில்லை. கலிஃபோர்னியாவில் டாம் பார் என்று ஒருவர். அவர் வீட்டுக் குழாய்த் தண்ணீரிலேயே பாஸ்பேட் கலந்து வந்தது. தொட்டியில் பாசியோ இல்லை. வேண்டுமென்றே இன்னும் பாஸ்பேட் சேர்த்துப் பார்த்தார். பாசி வரவில்லை, செடிதான் முன்னைவிட வேகமாக வளர்ந்தது, கண்ணாடியில் ஒட்டும் பச்சைப் புள்ளிப் பாசியும் குறைந்தது. பின்னால் இதையே ஒரு முறையாக்கினார்: எல்லாச் சத்தையும் தேவைக்குச் சற்று மேலேயே கொடு, வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றிவிடு, சேர்ந்த உபரி வெளியேறிவிடும்.

ஏரியில் நடந்தது தொட்டியில் ஏன் நடக்கவில்லை? ஏரி 226இன் தண்ணீரில் பாஸ்பரஸுக்காகப் பாசியோடு போட்டி போட அடர்ந்த செடிக்கூட்டம் இல்லை. தொட்டி முழுக்கச் செடி. 1993இல் நெதர்லாந்தின் மார்ட்டன் ஷெஃபர் முதலானோர் ஆழமில்லாத ஏரிகளைப் பற்றி எழுதியது இங்கே பொருந்தும். ஒரே ஏரி, ஒரே அளவு சத்து. ஆனால் அது இரண்டு நிலைகளில் இருக்க முடியும். செடி நிறைந்து தெளிவாக இருக்கலாம், அல்லது செடி செத்துப் பச்சையாகக் கலங்கிக் கிடக்கலாம். எந்த நிலைக்குப் போனாலும் அங்கேயே நிற்கப் பார்க்கும். நம் கண்மாய்கள் அத்தனையும் ஆழமில்லாத ஏரிகள். கொட்டியும் ஆம்பலும் படர்ந்த கண்மாய்த் தண்ணீரைக் கையில் அள்ளிப் பாருங்கள். பிறகு ஊர்ச் சாக்கடை சேர்ந்து செடியெல்லாம் அழிந்த கண்மாயைப் பாருங்கள்.

ஆக, பாசி வருவதற்குக் காரணம் சத்து இருப்பது மட்டுமல்ல. செடி தடுமாறுவது. வளர்ச்சி நின்ற செடியின் இலையிலிருந்து சர்க்கரையும் அம்மோனியமும் கசியும். அந்த இலை மேல்தான் பாசி முதலில் உட்காரும். சென்னைக் கொளத்தூர்ச் சந்தையிலிருந்து வரும் செடிகளில் பல, பண்ணையில் தண்ணீருக்கு மேலே ஈரக்காற்றில் வளர்க்கப்பட்டவை. நம் தொட்டிக்குள் மூழ்கியதும் பழைய இலைகள் கரையும். அவற்றை வெட்டி எடுக்காமல் "பிழைச்சுக்கும்" என்று விட்டு வைக்கிறோம். முதல் மாதப் பாசியில் பெரும்பங்கு இந்த இலைகளின் கைங்கரியம்.

இனி நம் ஊர்த் தண்ணீருக்கு வருகிறேன். இதுவரை சொன்னவர்கள் எல்லாம் கனடா, கலிஃபோர்னியாத் தண்ணீரை வைத்துச் சொன்னவர்கள்.

நம் விருதுநகர் மாவட்டத்தில் ஆலங்குளத்திலும் ராமசாமிராஜா நகரிலும் சிமெண்டு ஆலைகள் வந்ததற்குக் காரணம் பூமிக்குள் இருக்கும் சுண்ணாம்புக்கல். கரிசல் மண்ணை ஒரு முழம் தோண்டினாலே சுக்கான்கல் கையில் தட்டும். அந்தச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டுதான் போர் தண்ணீர் மேலே வருகிறது. பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதும், சோப்பு நுரைக்க மறுப்பதும் உங்களுக்குத் தெரியும். தொட்டியில் அதன் விளைவு வேறு. பைகார்பனேட் மிகுந்த, காரமான அந்தத் தண்ணீரில் கரிவாயு, அதாவது கார்பன் டை ஆக்சைடு, தனி வாயுவாகக் கரைந்திருப்பது மிகக் குறைவு. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கார்பனேட் கடினத்தன்மை 15 டிகிரி, பி.ஹெச். 8.2 என்று வையுங்கள். லிட்டருக்கு 3 மில்லிகிராம்கூடத் தேறாது. செடித்தொட்டிக்காரர்கள் குறிவைப்பதோ 30 மில்லிகிராம். அந்த அளவை எட்ட, இதே தண்ணீரின் பி.ஹெச். 7.2க்கு அருகே இறங்க வேண்டும். காற்றோடு சமநிலைக்கு வந்த தண்ணீரில் இருப்பது அரை மில்லிகிராம் சொச்சம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தண்ணீருக்குள் வாயுக்கள் பரவும் வேகம், காற்றில் பரவும் வேகத்தில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அகன்ற இலையைச் சுற்றி அசையாத நீர்ப்படலம் ஒன்று ஒட்டியிருக்கும். கரிவாயு அதைக் கடந்து வருவதற்குள் இலைக்குப் பசி வந்துவிடும். மயிரிழை போன்ற பாசிக்கு அந்தப் படலம் மிக மெல்லியது. கரிவாயு குறைந்த தண்ணீரில் செடி தோற்பதும் பாசி ஜெயிப்பதும் இதனால்தான். சத்து குறைவு என்று நாம் உரத்தைக் கூட்டுகிறோம். சத்து அதிகம் என்று பக்கத்து வீட்டுக்காரர் உரத்தை நிறுத்துகிறார். இரண்டு பேர் தொட்டியிலும் குறைவது பெரும்பாலும் கரிவாயுதான்.

அதைக் கூட்டுவது எப்படி? சர்க்கரையும் ஈஸ்டும் போட்ட பாட்டில், அல்லது சிட்ரிக் அமிலமும் ஆப்பச்சோடாவும் போட்ட இரட்டைப் பாட்டில், சிறு தொட்டிக்குப் போதும். பெரிய தொட்டிக்குச் சிலிண்டர். சோடா கம்பெனிகளுக்கு நிரப்பித் தருபவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எவ்வளவு போகிறது என்று அறிய 'டிராப் செக்கர்' என்ற சிறு கண்ணாடிக் குமிழ் விற்கிறார்கள். அதற்குள் நம் தொட்டித் தண்ணீரை ஊற்றாதீர்கள். 4 டிகிரி கடினத்தன்மையுள்ள தனி நீரும் புரோமோதைமால் நீலமும்தான் அதற்குள் இருக்க வேண்டும். நீலமாக இருந்தால் வாயு போதாது. பச்சை என்றால் சரி. மஞ்சளானால் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். உடனே வாயுவை நிறுத்துங்கள். ஒருநாள் கூட, ஒருநாள் குறைய என்று விடுவதைவிட வாயுவே விடாமல் இருப்பது நல்லது. ஏற்ற இறக்கம்தான், பின்னால் சொல்லப்போகும் கருந்தாடிப் பாசிக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது.

வாயு வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. என் மனம் இந்த ஊருக்கு அதையே சொல்கிறது. கரிவாயுவின் தேவையை நிர்ணயிப்பது வெளிச்சம். வெளிச்சத்தைக் கூட்டினால் செடி எல்லாவற்றையும் அதிகமாகக் கேட்கும்; கேட்டதில் ஒன்று கிடைக்காவிட்டாலும் தடுமாறும். வெளிச்சத்தைக் குறைத்தால் இருக்கிற மூன்று மில்லிகிராமிலேயே குடும்பம் நடத்தும்.

வெளிச்சத்தின் கைவரிசையைப் பார்க்க வேண்டுமானால் மொட்டைமாடிக்கு ஏறுங்கள். நல்ல தண்ணீர் பல நாளைக்கு ஒருமுறை வரும் ஊர் இது; வீட்டுக்கு வீடு சேமிப்புத் தொட்டி உண்டு. கறுப்புச் சின்டெக்ஸின் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்தால் சுவரில் பாசி இருக்காது. வெளிச்சம் ஊடுருவும் வெளிர்நிறத் தொட்டியிலும், மூடி உடைந்த தொட்டியில் வெயில் படும் இடத்திலும் வழவழவென்று பச்சை ஏறியிருக்கும். வீட்டு வாசல் மாட்டுத்தொட்டியைச் சொல்லவே வேண்டாம். மூன்றிலும் அதே குழாயின் தண்ணீர்தான்.

சிவகாசிக்குத் தொழில் வந்ததே மழை குறைந்த வறண்ட சீதோஷ்ணத்தால். பட்டாசைக் காயவைக்கும் அதே வெயில் ஜன்னல் வழியாக ஒரு மணி நேரம் தொட்டியில் அடித்தால் போதும், மேலே நீங்கள் மாட்டிய எல்.இ.டி. வெறும் அலங்காரம். தொட்டியை ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். புதுத் தொட்டிக்கு 6 மணி நேரம் விளக்கு. செடி பிடித்த பிறகு 8. கடைகளிலும் அச்சக அலுவலகங்களிலும் ஷட்டர் திறந்ததிலிருந்து மூடும்வரை தொட்டி விளக்கு எரிகிறது. வாடிக்கையாளருக்கு அழகாகத் தெரியட்டும் என்று ஒரு நாளைக்கு 13, 14 மணி நேரம் எரித்துவிட்டு, பாசியைக் குறை சொல்கிறார்கள். மாலை நேரத்தில்தான் ஆள் வருவார்கள் என்றால் மதியம் அணைத்து மாலையில் எரியுங்கள். ஒரு டைமர் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை தீரும். மின்தடைக்குப் பிறகு அதன் நேரம் பின்தங்கியிருக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

வாரம் பாதித் தண்ணீரை மாற்று என்ற டாம் பாரின் முறையில் எனக்குள்ள மனத்தாங்கலும் இங்கேதான். 200 லிட்டர் தொட்டிக்கு வாரம் 100 லிட்டர்! குடம் குடமாகத் தண்ணீர் பிடிக்கும் தெருவில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உபரியாகப் போட்டு உபரியை வெளியே கொட்டும் முறை, குழாயில் எப்போதும் தண்ணீர் வரும் ஊருக்கு ஏற்றது. அமெரிக்காவின் டயானா வால்ஸ்டட் 1999இல் செடித்தொட்டியின் சூழலியல் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அடியில் தோட்டத்து மண், மேலே சரளை, வேகமாக வளரும் செடிகள், மேலே மிதக்கும் செடிகள், அளவான வெளிச்சம், எப்போதாவது தண்ணீர் மாற்றம். மிதக்கும் செடியின் இலை காற்றில் இருப்பதால் கரிவாயுவுக்குத் தண்ணீரை நம்ப வேண்டியதில்லை. ஆகாயத்தாமரை தொட்டியின் நைட்ரேட்டை உறிஞ்சும், நிழலும் தரும். விருதுநகருக்கு வால்ஸ்டட்தான் பொருத்தம் என்பது என் கட்சி. மாற்றுகிற கொஞ்சத் தண்ணீரையும் சாக்கடையில் விடாமல் ரோஜாச் செடிக்கு ஊற்றுங்கள், அது உரத்தண்ணீர். புதிதாக விடுவது குளோரின் கலந்த குடிநீர் என்றால் ஹைப்போ போட்டு முறிக்க வேண்டும். பழைய போட்டோ ஸ்டூடியோக்காரர்களுக்குத் தெரிந்த அதே சோடியம் தயோசல்ஃபேட்தான், அக்வேரியம் கடையில் 'ஆன்டி குளோரின்' என்று கிடைக்கிறது.

கரிசல் மண்ணை அடியில் போடலாமா என்று கேட்பீர்கள். போடலாம். சத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஆற்றல் அதற்கு மிக அதிகம். ஒரு அங்குலத்துக்கு மேல் வேண்டாம், அதன் மேல் கழுவிய ஆற்றுமணல் ஒரு அங்குலம்; இல்லாவிட்டால் கலங்கித் தெளியவே தெளியாது. சமீபத்தில் உரம் போட்ட காட்டு மண்ணை எடுக்காதீர்கள். அழகுக்குக் கல் வைப்பதானால் முதலில் ஓரிரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல். ஏற்கெனவே கடினமான தண்ணீருக்கு அது வேண்டாத விருந்தாளி.

செடிக்கும் எங்கோ ஓட வேண்டாம். ஞாபகசக்திக்கு என்று நாட்டு மருந்துக்கடையில் விற்கும் நீர்ப்பிரமிதான் உலகமெங்கும் அக்வேரியக் கடைகளில் 'பாகோபா' என்று விற்கிறது. நீரோட்டமும் வெளிச்சமும் சரியாக இருக்கும் தொட்டியில், விளக்குப் போட்டுச் சில மணி நேரம் கழித்து அதன் தடித்த இலையின் ஓரத்தில் ஆக்சிஜன் முத்துமுத்தாகக் கோத்து நிற்கும். ஒவ்வொன்றாகப் பிய்ந்து மேலே ஏறும். செடி நன்றாக இருக்கிறது என்பதற்கு அதற்கு மேல் சான்று வேண்டாம். நான்கு இலை விரிக்கும் ஆரைக்கீரை, தண்ணீருக்குள் வளர்ந்தால் தரைவிரிப்பாகப் படரும். கொட்டிக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்த அப்போனோஜெட்டான்களில் சில இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் உலகத் தொட்டிகளுக்குப் போனவை. வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா இரண்டும் பைகார்பனேட்டையே உடைத்துக் கரிச்சத்து எடுக்கத் தெரிந்தவை. மற்ற செடிகளுக்குச் சாபமான நம் உப்புத் தண்ணீர் இவற்றுக்கு அவ்வளவு கஷ்டமில்லை. கண்மாயிலிருந்து எடுத்து வந்தால் சில வாரம் தனி வாளியில் வைத்திருந்து, அட்டையும் தட்டான் குஞ்சும் இல்லை என்று பார்த்த பிறகு போடுங்கள்.

உரம் பற்றி இந்த ஊரில் ஓர் எச்சரிக்கை அவசியம். வெடியுப்பும் தொட்டி உரமும் ஒன்றுதான் என்று சொன்னேன் என்பதற்காகப் பட்டாசு ஆலையிலிருந்து யாரும் ஒரு பிடி எடுத்து வந்துவிடாதீர்கள். ஆலையில் இருக்கும் சரக்கில் என்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. 'பச்சை உப்பு' என்கிறார்களே, அது பேரியம் நைட்ரேட். அதிலும் நைட்ரேட் இருக்கிறது, ஆனால் பேரியம் நஞ்சு. 2018இல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உரக்கடையில் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு விற்கும் 13-0-45 என்ற மூட்டையைக் கேளுங்கள். அதுவே பொட்டாசியம் நைட்ரேட். 100 லிட்டர் தண்ணீரில் 1 கிராம் கரைத்தால் நைட்ரேட் லிட்டருக்கு 6 மில்லிகிராம் ஏறும். பாஸ்பேட் வேண்டுமென்றால் 0-52-34; அதில் 100 லிட்டருக்கு 1 கிராம் போட்டால் 7 மில்லிகிராம், அது மிக அதிகம், கிராமில் பத்தில் ஒரு பங்கு போதும். 19-19-19 மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் யூரியாவும் அம்மோனியமும் உண்டு. நம் காரத் தண்ணீரில் அம்மோனியம் அம்மோனியாவாக மாறி மீனைக் கொல்லும்.

பாசி வகைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். புதுத் தொட்டியில் பழுப்புத் தூசிபோல் படிவது டயாட்டம். துடைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள், சில வாரத்தில் தானே போகும். தண்ணீரே பச்சையானால் அது மிதக்கும் ஒரு செல் பாசி, யு.வி. விளக்கு நாலைந்து நாளில் தெளியவைக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் திரும்பத் திரும்ப வரும். கண்ணாடியில் கெட்டியாக ஒட்டும் பச்சைப் புள்ளிக்குப் பழைய ஏ.டி.எம். அட்டை. நூல்பாசியைப் பல்துலக்கும் பிரஷ்ஷில் சுற்றி இழுத்தால் வந்துவிடும், வெளிச்சத்தைக் குறையுங்கள்.

இரண்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இலைகளின் மேல் நீலப்பச்சைப் போர்வையாகப் படர்ந்து, உரித்தால் தோல்போல் உரிந்து, மூக்கைத் துளைக்கும் மண்வாடை வீசுகிறதே, அது, நீலப்பசும்பாசி என்று பெயர் இருந்தாலும், பாசியே அல்ல, சயனோபாக்டீரியா. நெல்வயலில் இதன் உறவினர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துப் பயிருக்குத் தருபவர்கள், 1939இல் பி.கே. டே இதை எழுதிக் காட்டினார். வயலில் வரமாக இருப்பது தொட்டியில் தொல்லையாவது, நைட்ரேட் சுழியத்தைத் தொட்டு, நீரோட்டம் செத்த மூலைகளில்தான் அதிகம். பாசி வந்துவிட்டதே என்று உரத்தை அடியோடு நிறுத்துபவர்களைத் தேடி இது வரும். கையால் உரித்தெடுத்து, தொட்டியைக் கம்பளியால் மூடி மூன்று நான்கு நாள் இருட்டில் வைத்து, தண்ணீர் மாற்றி, பிறகு கொஞ்சம் நைட்ரேட் போடுங்கள். எரித்ரோமைசின் மாத்திரையைக் கரைத்து ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. மனிதருக்கு வேண்டிய மருந்தைக் கண்ணாடித் தொட்டியில் கொட்டி, எதிர்ப்பாற்றல் பெற்ற கிருமியை வளர்த்துச் சாக்கடையில் விடுவதை நான் ஒப்பமாட்டேன்.

இன்னொன்று கருந்தாடி. அனுபியாஸ் செடியின் இலை ஓரத்தில், ஃபில்டர் வாயில், கறுப்பாகக் குச்சம் குச்சமாக நிற்கும். பிடித்து இழுத்தால் இலைதான் கிழியும். பார்க்கக் கறுப்பு, ஆனால் இனத்தில் சிவப்புப் பாசி. ஒரு குச்சத்தைக் கிள்ளிச் சாராயச் சத்தில் போட்டால் சிவந்துவிடும். இதற்கு மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு நல்ல வேலை செய்யும். நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம். சமஅளவு நல்ல தண்ணீர் கலந்து 3 சதவீதமாக்கிக்கொள்ளுங்கள். ஃபில்டரை நிறுத்திவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, குச்சத்தின் மேலேயே மெதுவாக விடுங்கள். பொடிக் குமிழிகள் பொங்கும். கால் மணி நேரம் கழித்து ஃபில்டரைப் போடுங்கள். 100 லிட்டர் தொட்டிக்கு ஒரு தடவையில் 25 மில்லிக்கு மேல் போக வேண்டாம். ஓரிரு நாளில் கறுப்பு இளஞ்சிவப்பாகி, பிறகு வெளுத்துவிடும். வெளுத்ததை மீனே தின்னும். கரிவாயுவையும் நீரோட்டத்தையும் சரிசெய்யாவிட்டால் அடுத்த மாதம் அதே இலையில் திரும்ப நிற்கும்.

மருந்துகளில் மூத்தது மயில்துத்தம். 1904இல் அமெரிக்க வேளாண் துறையின் மூர், கெல்லர்மன் இருவரும் குடிநீர்த் தேக்கங்களில் பாசியை அழிக்கத் தாமிரசல்ஃபேட்டைப் பரிந்துரைத்தார்கள். இன்று 'பாசிக்கொல்லி' என்று புட்டியில் வரும் பலவற்றில் இருப்பது தாமிரம்தான். பாசி சாகும், கூடவே இறாலும் நத்தையும் சாகும், மெல்லிய இலைச் செடிகளும் கருகும். நம் கடினத் தண்ணீரில் தாமிரத்தில் ஒரு பகுதி கார்பனேட்டாகி மணலில் படிந்து தங்கிவிடும். செத்த பாசி அழுகி வெளிவிடும் அம்மோனியாவில் அடுத்த பாசி முளைக்கும். காசு கொடுத்து வாங்கும் சுழல் இது.

கடைசியாக மீன். 'டேங்க் கிளீனர்' என்று ஒன்றைக் கடைக்காரர் கையில் திணிப்பார். விரல் நீளத்தில் இருக்கும்போது கண்ணாடியை ஒட்டி மேயும், அழகுதான். அது அமேசான் பக்கத்துச் சக்கர் மீன். ஒன்றரை அடி வரை வளரும், வளர வளரப் பாசியை விட்டுத் தீவனத்துக்கு வரும், போடும் கழிவோ மலை. பாசிக்கு உதவி வேண்டுமென்றால் அமானோ இறால் நல்லது. ஜப்பானின் தகாஷி அமானோ தம் தொட்டிகளில் கூட்டம் கூட்டமாக விட்டுப் பிரபலமாக்கியதால் அந்தப் பெயர். சயாமீஸ் ஆல்ஜி ஈட்டர் கருந்தாடியையும் கடிக்கும். அதன் பெயரில் வேறு மீனை விற்பார்கள், உடம்பின் கறுப்புக் கோடு வால் முனைவரை ஓடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் சாதாரண நத்தை போதும்.

ஏற்கெனவே வாங்கிய சக்கர் மீன் பெரிதாகிவிட்டால் பாவம் பார்த்து வைப்பாற்றிலோ வெம்பக்கோட்டை அணையிலோ விடாதீர்கள். தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் அது பெருகி, நம் கெண்டையும் கெளுத்தியும் மேய வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வலை போடுபவர்களைக் கேளுங்கள். அதன் முள்ளில் சிக்கிக் கிழிந்த வலையைக் காட்டுவார்கள். கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள், வாங்க மறுத்தால் பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். வெட்டிப்போடும் செடிகளுக்கும் இதே விதிதான்: கண்மாயில் எறியாமல் வெயிலில் காயப்போட்டுத் தொட்டிச்செடிக்கு எருவாக்குங்கள். நம் ஊர் வெயிலுக்கு அரைநாள் போதும்.

கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் முன்வரிசைக்கு வரலாம்.